கணித மேதை ஆய்லர்

லியோன்ஹார்டு ஆய்லர் என்பார் சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிறித்துவ சமயகுரு. மைந்தரும் அப்பணியையே மேற்கொள்ளல் வேண்டும் என விழைந்தார். மைந்தர் உள்ளமோ கணிதத்தில் தோய்ந்து கிடந்தது. கணிதப் பேராசிரியர் யோகான் பெர்னூலி அவர்தம் நுண்ணறிவைத் தந்தையார்க்கு எடுத்துரைத்து இசையச் செய்தார். 1727இல் ஆய்லர் உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க் நகரின் அறிவியற் கழகத்தை அடைந்தார்.

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். பிரான்சு நாட்டுப் பேரறிஞர் பெர்மா, இரண்டின் வர்க்கம் நான்கு, அதன் வர்க்கம் பதினாறு என்று மேன்மேலும் வர்க்கமாக்கி, இரண்டு முதலாக ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் வருவன யாவும் பகா எண்களே எனக் கருதினார். 3, 5, 17, 257, 65,537 என்னும் முதல் ஐந்தும் அவ்வாறே அமைந்தன. ஆறாவது எண் 4,29,49,67,297. அதனை அவர் 1640இல் பகா எண் என்று கொண்ட பின்னர், தொண்ணூறு ஆண்டுகளாக எவரும் அதன் உண்மையைக் கண்டிலர்.

1729இல் நண்பர் கோல்டுபாக் மடல் வாயிலாக இதுபற்றி வினவினார். கூறியவர் பெரியவர் என்பது கொண்டு ஆய்லர் ஏற்றாரல்லர். அவ்வெண்ணை வகுக்கும் பகா எண் உளதாயின், அது 64ஆல் வகுக்க 1 மீதி தருவதாகவே இருத்தல் வேண்டும். இந்நெறியைப் பின்னாளில் அவரே மெய்ப்பித்தார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். முதல் நான்கும் வகுக்கவில்லை. 641 மீதியின்றி வகுத்தது. ஈவு 67,00,417. 1732இல் இம்முடிவு வெளிப்பட்டபோது அவர்க்கு அகவை இருபத்தைந்தே!

பின்னர் அவர்தம் வலக்கண் ஒளி குன்றியது. 1741 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் பெர்லினில் வாழ்ந்து, 1766இல் பீட்டர்சுபர்க் மீண்டார். மற்றைக் கண்ணையும் புரை மறைத்தது. 1771இல் செய்த மருத்துவம் நிலைத்த பயன் தரவில்லை. அவ்வாண்டே அவர் இல்லம் தீக்கிரையாயிற்று. பேசல் நகரத்தார் ஒருவர் பார்வையற்ற அம்முதியவரைச் சுமந்து வந்து காத்தார்.

இந்நிலையிலும் அவர் எண்ணாய்வை விட்டாரில்லை. முப்பத்தோர் இரண்டுகளைப் பெருக்கி, ஒன்று குறைத்தால் வருவது 2,14,74,83,647. இது பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலத்திற்கு உட்பட்ட பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அவை நாலாயிரத்திற்கும் மேற்பட்டவை, கண்ணுடையார்க்கும் அலுப்பூட்டுவன. 248ஆல் வகுக்குங்கால் 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்களே இதனை வகுத்தல் கூடும் என்று ஆய்லர் கண்டார். ஆயிரங்கள் நீங்கின, நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சின. அவற்றுள் ஒன்றும் அவ்வெண்ணை வகுக்கவில்லை. அது பகா எண்ணே என்று 1772இல் அறிவித்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனினும் பெரிய பகா எண்ணை உலகம் அறிந்ததில்லை.

மைந்தரும் மாணவரும் எழுத, ஆய்லர் நூல்களை வாயாற் சொல்லிவந்தார். 1783 செப்டம்பர் 18ஆம் நாள், புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனசுக் கோளின் பாதையைக் கணிப்பது பற்றி நண்பர் லெக்செலுடன் உரையாடினார். அன்று மாலையே அவர் உயிர் நீத்தார்.