பால் ஏன் வெள்ளை? கடல் ஏன் நீலம்?
(சர் சி. வி. இராமன் வாழ்க்கை)



நெகிரி செம்பிலானில் எத்தனையோ தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இருந்தாலும் மங்கில் பால் சொட்டியதைப் பார்த்த கண்கள் இன்னும் நம் வீடுகளில் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி. மரத்துப்பால் வெள்ளை. ஆசிட் ஊற்றி உறையவைத்து, மிஷினில் உருட்டி எடுத்த ஷீட்டும் வெள்ளை. அதே ஷீட்டு புகைக்கூடத்தில் சில நாள் தொங்கியபின் தேன் நிறமாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே ஒளி தெரிகிறதே, அந்த வெள்ளை எங்கே போயிற்று?

இப்படிப்பட்ட கேள்வியையே பிழைப்பாக்கிக்கொண்டவர் ஒரு தமிழர். அவர்தான் சந்திரசேகர வெங்கட இராமன்.

திருச்சிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஆசிரியர், பின்னர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர். வீட்டில் பணம் குறைவு, புத்தகம் அதிகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 18 வயதில், ஒளியைப் பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாமென்றால், அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே நிதித்துறைத் தேர்வு எழுதினார். முதலாவதாகத் தேறி, 1907-இல் கல்கத்தாவில் பெரிய கணக்கு அதிகாரியாக அமர்ந்தார்.

நம்மவர்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பையன் கரையேறிவிட்டான், இனி என்ன கவலை என்றிருப்போம். அவரோ பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டார். விடியற்காலையில் ஆராய்ச்சி, பிறகு ஆபீஸ், மாலையில் மறுபடி ஆராய்ச்சி. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போன நம் பெரியவர்களுக்கு அந்த உழைப்பு எப்படிப்பட்டதென்று தெரியும். இடையில் ரங்கூனுக்கும் நாகப்பூருக்கும் மாற்றினார்கள். மறுபடி கல்கத்தா வந்தார். 1917-இல் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு அந்த அரசாங்க உத்தியோகத்தை விட்டார். மனைவி லோகசுந்தரி அம்மையாரும் சேர்ந்து தாங்கிய இழப்பு அது. இதை வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1921-இல் இங்கிலாந்து சென்று, நார்க்கண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடல் அப்படியொரு நீலம்! வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்பது அன்றைய பெரிய விஞ்ஞானிகளின் முடிவு. இராமன் பையிலிருந்த சிறு படிகக் கருவியை எடுத்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். (நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் இந்த நீலத்துக்குப் பெரிய காரணம் என்பது இன்று தெரியும். எப்படியிருந்தாலும் அது வானத்தின் நிழல் அல்ல.)

இப்போது நம்ம பாலுக்கு வருவோம். மரத்துப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், பெரும்பாலானவை அதில் ஒரு பங்குகூட இரா. துகள் மிக மிகச் சிறியதாக இருந்தால் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். கொஞ்சம் பெரிதானால் எல்லா நிறத்தையும் சேர்த்தே சிதறடிக்கும். எல்லா நிறமும் கலந்தால் வெள்ளைதானே! உருட்டிய ஷீட்டுக்குள் நுண்ணிய நீர்த்துளிகள் மாட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்கின்றன. புகைக்கூடத்துச் சூட்டில் ஈரம் போனதும் சிதறடிக்க ஆளில்லை, ஒளி ஊடே போகிறது. ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் காயவில்லை என்று தள்ளினார்களே ஸ்டோர்காரர்கள், இராமன் படித்த பாடத்தைத்தான் அவர்கள் கையால் படித்திருந்தார்கள்.

கல்கத்தாவில் வேலை தொடர்ந்தது. 1928 பிப்ரவரி 28-இல் இராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். சிதறிய ஒளியில் மிகச் சிறிய பங்கு, தன் நிறமே மாறி வருகிறது. பொருளுக்குப் பொருள் அந்த மாற்றம் வேறு; ஆகையால் உள்ளே என்ன பொருள் என்று ஒளியே காட்டிக்கொடுத்துவிடும். மருந்திலும் மணிக்கல்லிலும் இன்றும் கலப்படம் பார்க்க உதவுவது இதுதான். 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலில் ஆசியாவுக்கு அதுவே முதல்.

உடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழர், வத்திராயிருப்புக்காரர். பரிசு அவருக்குப் பகிரப்படவில்லை. என் மனத்துக்கு அது குறையாகவே படுகிறது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1933-இல் பெங்களூர் அறிவியல் கழகத்தில் இராமன் இயக்குநராக இருந்தபோது, பம்பாயிலிருந்து வந்த கமலா என்ற மாணவியை, பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. நிபந்தனையோடு சேர்த்தார், ஓராண்டு அவர் உழைப்பைப் பார்த்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்பிள்ளையை எதற்கு சயன்ஸ் படிக்க வைக்கணும் என்று கேட்கும் பெற்றோர் இருந்தால், இந்தப் பத்தியை இன்னொரு தரம் படியுங்க.

1948-இல் பெங்களூரிலேயே தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, சிப்பி, முத்து, வைரம், பூக்கள் என்று கடைசிவரை நிறங்களின் பின்னாலேயே போனார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார். அந்த ஆய்வுக்கூடத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள்.

பிள்ளைகளே, கப்பல் ஏறிய அதே 1921-இல், தூசி படிந்த கண்ணாடியில் தெரியும் நிற வளையங்களைப் பற்றியும் அவர் கட்டுரை எழுதியிருக்கிறார். இன்றிரவே பார்க்கலாம். வீட்டு நிலைக்கண்ணாடியில் பவுடரை மெல்லிசாகத் தூவி, விளக்கை அணைத்து, இரண்டடி தள்ளி நின்று கைப்பேசி டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடியைப் பார்க்கப் பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி நிறக் கோடுகள் வளைந்து ஓடும். தூசியில் பட்டுச் சிதறிக் கண்ணாடிக்குள் போய்த் திரும்பும் ஒளியும், கண்ணாடிக்குள் போய்த் திரும்பிவந்து அதே தூசியில் சிதறும் ஒளியும் ஒன்றையொன்று சந்திப்பதால் வரும் நிறங்கள் அவை. பார்த்து முடித்ததும், அம்மாவிடம் ஏச்சு வாங்காமல் துடைத்து வைத்துவிடுங்கள்.