மருந்தறிஞர் சுப்பாராவ்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற நாள்களில், குளியாள் கல்லின் துணையால் ஆழத்தில் இறங்குவான். மூச்சு முட்டுமளவும் பாரிலுள்ள சிப்பிகளைத் திரட்டுவான். பின்னர் முத்தின் விலையைப் பலரும் பேசுவர். அதனைக் கொணர்ந்தவன் பெயரை எவரும் வினவார். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பும் நின்றுபோயிற்று. மருத்துவ உலகில் அக்குளியாளைப் போன்று உழைத்து மறைந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

அக்காலச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தவறிய அவர், சென்னைக்கு வந்து இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால், காந்தியடிகளின் நெறி நின்று, அறுவை மருத்துவத்திற்குரிய மேலங்கியையும் கதரிலேயே அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் சினந்தார். ஏனைப் பாடங்களில் சிறந்திருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. உடுத்த துணியைக் கொண்டு ஒருவர் கல்வியை அளந்தது முறையன்று.

இதனினும் பெருந்துயர் ஒன்று அவரை வாட்டிற்று. ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய் உடன்பிறந்தாரைக் கொண்டுசென்றது, அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அவரைக் காத்தார். அந்நோயை வெல்லும் மருந்து யாது என்னும் வினா மட்டும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

மாமனார் பொருளுதவி செய்ய, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவிப் பொருள் ஈட்டினார். ஊரில் விட்டுவந்த இளம் மனைவியைக் காண அவர் பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை. 1925-இல் ஃபிஸ்க் என்பாரோடு சேர்ந்து, குருதியிலுள்ள பாஸ்வரத்தை அளக்கும் முறையைக் கண்டார். உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவ்விருவர் 1929-இல் வெளிப்படுத்தினர். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை.

1940-இல் லெடர்லே மருந்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அஃது அமைந்த ஊரின் பெயர் பேர்ல் ரிவர். முத்தாறு என்பது அதன் பொருள். முத்தும் அங்கேதான் கிடைத்தது. 1945-இல் அவர்தம் குழுவினர் ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்புரூ நோயைத் தணிக்கும் மருந்து அதுவே. உடன்பிறந்தாரை இழந்தவர்க்கு அம்மருந்து கால் நூற்றாண்டு கழித்துக் கைவந்தது.

பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இவ்வகைச் சத்துத் தந்தபோது நோய் மிகுந்ததாகக் கண்டார். அங்ஙனமாயின், அச்சத்தைப் போன்ற போலி ஒன்றைத் தந்தால் என்ன? போலித் திறவுகோல் பூட்டில் சிக்கிக்கொண்டால் மெய்த் திறவுகோல் நுழையாதன்றோ? சுப்பாராவ் குழுவினர் ஆக்கிய அமினாப்டெரின் என்னும் போலியால், சாவின் வாயிலில் நின்ற குழந்தைகள் சிலர் சிலகாலம் நலமுற்றனர். அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டழற்சிக்கும் பயன்படுகின்றது. பிற்காலத்தார் வேறு பொருள்களைக் கொண்டு இதையொத்த உத்தியைக் கையாண்டனர். எச்.ஐ.வி. கிருமிக்கு எதிராக 1987-இல் ஒப்புதல் பெற்ற சிடோவுடின், சி வகைக் கல்லீரல் அழற்சிக்கு 2013-இல் ஒப்புதல் பெற்ற சோபோஸ்புவிர் ஆகிய இரண்டும், கிருமி தன் பெருக்கத்திற்கு வேண்டும் பொருளைப் போன்று நடித்து அதனை ஏமாற்றும் போலிகளே.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசானும், டக்கர் என்னும் முதிய அறிஞர் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கண்ட ஆரியோமைசினும் சுப்பாராவின் மேற்பார்வையில் பிறந்தவையே. ஆரியோமைசின் உலகிற்கு அறிவிக்கப்பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே, ஆகத்துத் திங்களில் ஓரிரவு, தம் 53-ஆம் அகவையில் அவர் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். நோபல் பரிசு அவரை அடையவில்லை. பின்னர் ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர்; இந்திய அரசு 1995-இல் அவர் உருவப்படம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.