கிளட்சை மறக்கவைத்த கொல்லர் மகன்: உங்கள் சிவிடி காருக்குப் பின்னால் இருக்கும் டச்சுக்காரர் யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பி சிதம்பரம் கீழ வீதிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் எத்தனை முறை கிளட்ச் மிதிப்பார்? லாரன்ஸ் ரோடு நெரிசல், ஓல்டு டவுன் திருப்பங்கள், சிப்காட்டில் ஷிஃப்ட் விடும் நேரம், புதுச்சத்திரத்தில் திடீரென்று குறுக்கே வரும் டிராக்டர். ஆருத்ரா தரிசன நாளாக இருந்தால் சிதம்பரத்துக்குள் நுழைந்த பிறகு முதல் கியரைத் தாண்டவே முடியாது. இதே சாலையில் சிவிடி கார் ஓட்டுபவரின் இடது கால் மட்டும் சும்மா இருக்கும்.

ஆனால் அவருக்கு வேறொரு தொல்லை உண்டு. கியர் போடத் தெரியாதவங்க வாங்குற வண்டி என்று சொந்தக்காரர் யாராவது கிண்டல் அடிப்பார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம்தான் வருது, வண்டி வரலையே என்று இன்னொருவர் சேர்ந்துகொள்வார்.

இந்தக் கிண்டலுக்கு வயது 60க்கு மேல். இதை முதலில் பெரிய அளவில் வாங்கிக் கட்டிக்கொண்ட கார், நெதர்லாந்தில் தயாரானது. அதை உருவாக்கியவர் ஹப் வான் டோர்ன். இன்று உலகம் முழுக்க ஓடும் பெரும்பாலான சிவிடி கார்களின் உள்ளே இருக்கும் இரும்பு பெல்ட்டுக்கு வழிபோட்டவரும் அவர்தான். அந்த பெல்ட் கார்களில் பெருமளவில் ஓடுவதைப் பார்க்க மட்டும் அவர் உயிரோடு இல்லை.

அமெரிக்காவில் பிறந்த டச்சுக்காரர்

டச்சுக்காரர்கள் என்றால் கடலூர் மாவட்டத்துக்கு அந்நியர்கள் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் துணி வாங்கி ஏற்றுமதி செய்தவர்கள் அவர்கள். நம் கதாநாயகரின் ஊர் அங்கே, நெதர்லாந்தின் தெற்கில் இருக்கும் லிம்பர்க் மாகாணம். அவர் பிறந்த கிராமத்தின் பெயர் அமெரிக்கா! நிஜமாகவே அந்தப் பெயரில் அங்கே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பிறந்த தேதியும் எளிதில் மறக்காது: 1900 ஜனவரி 1.

ஹப் ஒரு கொல்லரின் மகன். பட்டறை, உலை, சுத்தியல், இதுதான் அவருடைய முதல் பள்ளிக்கூடம். இரும்பைப் பார்த்தாலே அதை எங்கே வளைக்கலாம், எங்கே ஒட்டலாம் என்று தெரிந்துகொள்ளும் கை அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

1928ல் ஐந்தோவன் நகரத்தில் ஒரு பீர் ஆலையின் வளாகத்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். அந்த ஆலையின் முதலாளியின் காரைப் பழுது பார்த்துக் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம், இடமும் முதலீடும் கிடைக்கும் அளவுக்கு வளர்ந்தது. வெல்டிங், ரிப்பேர் என்று வந்த வேலையையெல்லாம் செய்தார்கள். தம்பி விம்மும் தொழிலில் சேர்ந்தார். கணக்கு வழக்கும் வியாபாரமும் தம்பி, கண்டுபிடிப்பு அண்ணன் என்று வேலை பிரிந்தது.

டிரெய்லரில் தொடங்கிய டாஃப்

1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம். ரிப்பேர் வேலையை மட்டும் நம்ப முடியாத நிலை. லாரியோடு இணைத்து இழுக்கும் டிரெய்லர்களை 1932 முதல் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அப்போது பலரும் ரிவெட் அடித்துச் சட்டம் செய்த காலம். ஹப் வெல்டிங் செய்தார். சட்டத்தின் எடை குறைந்தது, அதே வண்டியில் கூடுதல் சரக்கு ஏற்ற முடிந்தது. வான் டோர்ன் டிரெய்லர் ஆலை என்பதன் டச்சு சுருக்கம்தான் டாஃப். இன்றும் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து ஜெர்மனியின் பிடியில் இருந்தபோதும் ஹப் சும்மா இருக்கவில்லை. ஒரே ஒருவர் உட்காரும் குட்டி மூன்று சக்கர கார் ஒன்றைச் செய்தார். மழைக்கோட்டுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்ததால் ஓடும் மழைக்கோட்டு என்பதே அதன் பட்டப்பெயர். விற்பனைக்கு வரவில்லை. ஆனால் சாதாரண மனிதர் எளிதாக ஓட்டும் சின்ன கார் என்ற ஆசை அவர் மனதில் அப்போதே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

போர் முடிந்து, 1949ல் டாஃப் லாரி தயாரிப்பில் இறங்கியது. லாபமும் வந்தது. பேசாமல் லாரியோடு நின்றிருக்கலாம். ஹப் நிற்கவில்லை.

1958: கியர் இல்லாத கார்

1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் டாஃப் 600 என்ற கார் அறிமுகமானது. 590 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின். கிளட்ச் பெடல் கிடையாது. ஒரு சின்ன லீவர்: முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே போகும். அவ்வளவுதான்.

அதற்குள்ளே இருந்த அமைப்புக்கு வேரியோமேட்டிக் என்று பெயர். அது எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் ஒரு சக்கரம், அரைக்கும் மிஷினில் ஒரு சக்கரம், நடுவில் பெல்ட். மோட்டார் பக்கம் சின்னச் சக்கரம், மிஷின் பக்கம் பெரிய சக்கரம் என்றால் வேகம் குறையும், இழுவை கூடும். மாற்றிப் போட்டால் வேகம் கூடும், இழுவை குறையும். கியர் என்பதன் அடிப்படையே இதுதான்.

இப்போது அந்த இரண்டு சக்கரங்களும் ஓடும்போதே தன் அளவை மாற்றிக்கொண்டால்? அதுதான் சிவிடி. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறி பெரிய வட்டத்தில் சுற்றும். விலகினால் உள்ளே இறங்கி சின்ன வட்டத்தில் சுற்றும். ஒரு புல்லி பெரிதாகும்போது மற்றது சிறிதாகும். முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிக்கட்டே கிடையாது. சறுக்குமரம் மாதிரி வழுக்கிக்கொண்டே போகும்.

இந்த யோசனை ஹப் மூளையில் மட்டும் உதித்தது என்று சொல்ல முடியாது. 1910களிலேயே ரட்ஜ் மல்டி என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் அளவு மாறும் புல்லி இருந்தது. ஆனால் அதைத் தானாக இயங்க வைத்து, ஒரு குடும்பக் காரில் பொருத்தி, ஆலையில் வரிசையாகத் தயாரித்து விற்றுக் காட்டியது ஹப்தான். இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப நகரும் எடைகளும், இன்ஜினின் உறிஞ்சு விசையும் சேர்ந்து புல்லியின் அளவைத் தீர்மானித்தன. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத காலம் அது.

வெற்றியும் கேலியும்

கண்காட்சியிலேயே ஆர்டர்கள் குவிந்தன. நெதர்லாந்தும் நம் கடலூர் கடற்கரை போலத் தட்டையான பூமி. மலை ஏற வேண்டாம், நகரத்துக்குள் நின்று நின்று போக வேண்டும். அதற்கு இந்தக் கார் கச்சிதம். அதுவரை ஸ்டீயரிங் பிடிக்கத் தயங்கிய பலர் ஓட்டத் தொடங்கினார்கள். இடது காலில் பிரச்சினை இருந்தவர்களுக்கும் இது பெரிய விடுதலை.

கேலியும் அதே காரணத்துக்காகத்தான் வந்தது. பாட்டிகளின் கார், பெண்களின் கார் என்று பெயர் விழுந்தது. ரப்பர் பெல்ட்டை உள்ளாடையின் எலாஸ்டிக்கோடு ஒப்பிட்டுச் சிரித்தார்கள். முன்னே போகும் அதே வேகத்தில் பின்னாலும் போக முடியும் என்பதால், பிற்காலத்தில் பழைய டாஃப் கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸ் நடத்தி டிவியில் காட்டினார்கள். பார்க்க ஜாலிதான். ஆனால் எளிமைக்காக உழைத்த ஒருவரின் கார் கேலிப்பொருள் ஆனது விற்பனைக்கு நல்லதல்ல.

ஹப் 1965ல் நிறுவனப் பொறுப்பிலிருந்து விலகினார். 1970களில் சின்ன நிறுவனமான டாஃபால் கார் சந்தையில் தனியாகத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1975ல் கார் பிரிவின் பெரும்பங்கு ஸ்வீடனின் வால்வோவிடம் போனது. டாஃப் 66 என்று விற்ற கார், வால்வோ 66 ஆனது. கொல்லர் மகன் கட்டிய காரில் அவர் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகூட மிச்சமில்லை.

இழுக்காமல் தள்ளும் பெல்ட்

இங்கேதான் ஹப் கதையின் முக்கியமான திருப்பம். கார் கைவிட்டுப் போனாலும் யோசனையை அவர் விடவில்லை. ரப்பர் பெல்ட்டின் பலவீனம் அவருக்கே நன்றாகத் தெரியும்: தேயும், பெரிய இன்ஜினின் சக்தியைத் தாங்காது, இடத்தையும் அடைத்துக்கொள்ளும். 1972ல் வான் டோர்ன் டிரான்ஸ்மிஷன் என்ற தனி நிறுவனம் உருவானது. அங்கே வளர்ந்ததுதான் இரும்புத் தள்ளு பெல்ட்.

ஒரு பெல்ட் எப்படித் தள்ளும்? நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் நெருக்கமாகக் கோத்துச் செய்த பெல்ட் இது. கோயில் கியூவில் பின்னால் நிற்பவர் தள்ள, அவருக்கு முன்னால் இருப்பவர் தள்ள, கடைசியில் வாசலில் நிற்பவர் உள்ளே போய் விழுவார் இல்லையா? அதே கதைதான். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டைத் தள்ளி சக்தியைக் கடத்தும். பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் இருக்க எண்ணெய் அழுத்தம் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும்.

1979 மே 23 அன்று ஹப் காலமானார். இந்த பெல்ட்டோடு ஜப்பானின் சுபாரு ஜஸ்டி கார் சந்தைக்கு வந்தது 1987ல். எட்டு வருட இடைவெளி. 1993ல் வில்லியம்ஸ் அணி ஃபார்முலா 1 காரிலேயே சிவிடி பொருத்திச் சோதனை ஓட்டம் நடத்தியது. பந்தயத்துக்கு வருவதற்குள் விதிமுறை மாறி, சிவிடிக்குத் தடை வந்தது. பாட்டிகளின் கியர்பாக்ஸுக்குக் கிடைத்த ஒரே மறைமுகப் பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். 1995ல் அந்த நிறுவனத்தை ஜெர்மனியின் பாஷ் வாங்கியது.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

நம் ஊரில் சிவிடி முதலில் வந்தது காரில் அல்ல, ஸ்கூட்டரில். 1980களின் கைனடிக் ஹோண்டா தொடங்கி இன்றைய ஆக்டிவா வரை கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாமே ரப்பர் பெல்ட்டும் அளவு மாறும் புல்லியும்தான். மெக்கானிக் வேரியேட்டர், ரோலர் என்று சொல்வது இதைத்தான். 2018ல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் மானியம் கொடுத்தபோதும் கியர் இல்லாத வண்டிக்கே கொடுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கும் தினமும் ஸ்கூட்டரில் போகும் பெண்களை இப்போது யாரும் கேலி செய்வதில்லை. எளிமையான வண்டி யாரை வீட்டுக்கு வெளியே கொண்டுவருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கார்களிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. ஒரகடம் ஆலையில் தயாரான நிசான் மைக்ரா 2013ல் சிவிடியோடு வந்தது. பிறகு மேக்னைட். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவில் 2020 முதல் ஐவிடி என்ற பெயரில் கிடைப்பதும் சிவிடி வகைதான்.

சிவிடி காரோடு வாழ்வது எப்படி?

ஹப் கதை தெரிந்துவிட்டால் இந்தக் காரின் குணமும் புரிந்துவிடும்.

சத்தம் முதலில், வேகம் பிறகு: திடீரென்று அழுத்தி மிதித்தால் இன்ஜின் சுழற்சி முதலில் ஏறும், புல்லியின் அளவு மாறி வேகம் பின்னால் வரும். இது ரிப்பேர் இல்லை, இயல்பு. மெதுவாக, சீராக மிதித்தால் சத்தமும் குறையும், மைலேஜும் பரவாயில்லாமல் கிடைக்கும். பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் இடைவெளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள்.

எண்ணெய்தான் உயிர்: எஃகும் எஃகும் உரசும் இடம் அது. கார் கையேட்டில் சொன்ன சிவிடி எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். வேறு ஆட்டோமேட்டிக் வண்டியின் எண்ணெயைச் சரிக்கட்ட வேண்டாம்.

மேட்டில் பிரேக் பிடியுங்கள்: ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைத்தால் உள்ளே சூடு ஏறும்.

வெள்ளத்தில் கவனம்: 2015 மழையைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இது முக்கியம். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தால் எண்ணெய் கெட்டு பெல்ட் வழுக்கும்.

கயிறு கட்டி இழுக்காதீர்கள்: இன்ஜின் ஓடாதபோது எண்ணெய் பம்ப்பும் ஓடாது. முன் சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே தேயும். வண்டி முழுவதையும் ஏற்றிச் செல்லும் மீட்பு வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

கியர் மாற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது, உண்மைதான். அதை விரும்புகிறவர்கள் மேனுவலே வாங்கலாம். ஆனால் முழங்கால் வலியோடு தினமும் சிதம்பரம் போய்வரும் அப்பாவுக்கோ, 45 வயதில் முதல்முறையாக ஓட்டக் கற்கும் அம்மாவுக்கோ கார் பார்க்கிறீர்கள் என்றால், பக்கத்து வீட்டுக் கிண்டலை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவை அவர்களுடைய இடது கால் சொல்லிவிடும்.