விகடகவி தெனாலிராமன்

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுர வாயிலில், உட்புற மாடத்தில் கைகூப்பி நிற்கும் ஓர் அரசரின் கற்சிலையைக் காணலாம். அவர்தாம் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529). சிம்மாத்திரிப் பொட்டுநூரில் வெற்றித்தூண் நாட்டியதன் நினைவாக இக்கோபுரத்தை அவர் எழுப்பியதாகக் கல்வெட்டு கூறுகிறது. கடலூரிலிருந்து பேருந்தேறித் தில்லைக்குச் செல்லும் நமக்கு அச்சிலையைக் கண்டதும் போரும் வெற்றியுமா நினைவுக்கு வருகின்றன? அவரையே திணறடித்த தெனாலிராமன் அன்றோ சிரித்துக்கொண்டே முன்வந்து நிற்கிறான்!

அவன் கதை காளி கோயிலில் தொடங்குகிறது. ஆயிரம் முகங்களுடன் தோன்றிய தேவியைக் கண்டு இராமன் அஞ்சவில்லை, சிரித்தான். ஒரு மூக்கில் சளி பிடித்தாலே இரண்டு கைகள் போதவில்லையே, ஆயிரம் மூக்கிலும் பிடித்தால் அன்னை என்ன செய்வாள் என்பது அவன் கவலை! கல்விக்கு ஒன்றும் செல்வத்திற்கு ஒன்றுமாக அவள் நீட்டிய இரு கிண்ணங்களில் ஒன்றை மட்டும் அருந்தச் சொல்ல, அவனோ இரண்டையும் அருந்திவிட்டான். விகடகவியாகக் கடவாய் என்று தேவி சபித்தாள். எப்பக்கமிருந்து படித்தாலும் மாறாத அச்சொல்லே அவனுக்குப் பட்டமாயிற்று.

அரசர் கொடுத்த பூனைக்குக் கொதிக்கும் பாலை வைத்து, பிறகு பாலைக் கண்டாலே அது ஓடும்படி செய்தவன் அவன். நகைப்பெட்டியைக் கிணற்றில் போட்டதாகத் திருடர்களை நம்பவைத்து, விடியும்வரை அவர்களைக் கொண்டே தோட்டத்துக்கு நீர் இறைத்தவனும் அவனே.

இத்தகைய குறும்பர்கள் நாடுதோறும் உண்டு. சீன மக்கள் சுன் வுகோங் என்னும் குரங்கு வீரனைப் போற்றுகின்றனர். விண்ணுலக வேந்தனையே கலங்கடித்த அவனது கதையைக் கூறும் மேற்குப் பயணம் என்னும் நெடுங்கதை 1592இல் அச்சேறியது. துருக்கியருக்கு முல்லா நசுருதீன் இருக்கிறார். படைபலமும் பொருள்பலமும் இல்லாத எளியவர், அறிவு ஒன்றைக் கொண்டே பெரியவரை வெல்லும்போது, வென்றவர் நாமே என்று மக்கள் மகிழ்கின்றனர்.

ஆனால் அச்சிரிப்பொலியில் ஓர் உண்மை அமுங்கிப் போயிற்று. கதையில் வரும் இராமனை நாம் உரிமையோடு அவன் என்கிறோம். வரலாற்றில் வாழ்ந்தவரோ, அவர் என்று வணங்கத்தக்க தெலுங்குப் பெருங்கவிஞர். சைவராக, இராமலிங்கன் என்ற பெயரில் உத்படாராத்ய சரித்திரம் பாடினார். பின்னர் வைணவம் சார்ந்து இராமகிருஷ்ணர் ஆனார் என்பர். பண்டரிபுரத்தின் பெருமையைக் கூறும் அவரது பாண்டுரங்க மகாத்மியம், தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதில் நெறிதவறிய நிகமசர்மனைத் திருத்த அவன் அக்காள் அன்போடு அறிவுரை கூறுகிறாள். அவனோ வீட்டு நகைகளைத் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். பெயரே சூட்டப்படாத அந்த அக்காள் தெலுங்கு நாட்டார் நெஞ்சில் இன்றும் வாழ்கிறாள். நகைக்க வைத்தவராக நாம் அறிந்தவர், நெஞ்சை நெகிழவைக்கவும் வல்லவராயிருந்தார். நம் சோளிங்கர் மலையையும் அவர் மறக்கவில்லை. அதன் பெருமையைக் கடிகாசல மகாத்மியம் என்ற நூலாகப் பாடினார்.

இராயர் அவையின் அஷ்டதிக்கஜங்கள் எனப்படும் எண்பெரும் புலவருள் ஒருவராக மரபு அவரைப் போற்றுகிறது. ஆயினும் அவர் இராயருக்குப் பிற்பட்டவர் என்று கருதும் ஆய்வாளரும் உளர். அவ்வாறாயின், அரசரும் விகடகவியும் எதிரெதிரே நின்ற காட்சிகள் மக்கள் மனத்தில் பிறந்தவையே. 1956இல் தெனாலிராமன் திரைப்படத்தில் சிவாஜி கணேசனும் என். டி. இராமராவும் அக்காட்சிகளுக்கு உயிரூட்டினர். அங்கும் மக்கள் கண்டு களித்தது விகடகவியைத்தான்.

தில்லையில் ஆடும் பெருமானும் பள்ளிகொண்ட கோவிந்தராசரும் ஒரே கோயிலில் எழுந்தருளியுள்ளனர். கோவிந்தராசரை 1539இல் மீண்டும் நிலைநிறுத்தியவர் இராயரின் தம்பி அச்சுதராயர். சிவநெறியையும் திருமால் பெருமையையும் ஒரே நாவால் பாடியவர் நம் கவிஞர். அடுத்த முறை வடக்குக் கோபுரத்தைக் கடக்கும்போது இராமன் கதைகளை நினைத்துச் சிரிப்போம். சிரித்தபின், அந்தச் சிரிப்புக்குப் பின்னே மறைந்து நிற்கும் கவிஞரையும் ஒரு கணம் கைகூப்புவோம்.