வனத்தைக் காத்தவரும் வனத்தை இழந்தவரும்

தென்னாப்பிரிக்காவிலுள்ள குரூகர் தேசீய வனத்துக்கு இரண்டொரு நாள் யாத்திரை செல்வோர், மோட்டாரில் அமர்ந்தபடியே சிங்கத்தையும் யானையையும் கண்டு களித்துத் திரும்புகின்றனர். அவ்வனத்தின் பிரதான முகாமுக்கு ஸ்குகூஸா என்று பெயர். அது ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு அந்நாட்டுச் சுதேசிகள் இட்ட பெயர். அவருடைய சரித்திரத்தை நம்மவர் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம்.

ஜேம்ஸ் ஸ்டீவன்ஸன்-ஹாமில்டன் 1867-ம் வருஷம் பிறந்தவர். ஸ்காட்லாந்து தேசத்து நிலப்பிரபுக்கள் குடும்பத்தினர். பிரிட்டிஷ் குதிரைப் படையில் உத்தியோகம் வகித்தவர். போயர் யுத்தம் முடிந்த 1902-ல், டிரான்ஸ்வாலின் கிழக்கெல்லையிலிருந்த ஸாபி மிருக ரக்ஷண வனத்துக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். குரூகரின் சர்க்கார் 1898-ல் ஒதுக்கிய வனம் அது. அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கு மிருகங்கள் அருகிக் கிடந்தன. தந்தத்துக்கும் தோலுக்குமாக வெள்ளையர் நடத்திய வேட்டையும், பின்னர் யுத்தமும் காட்டைச் சூறையாடியிருந்தன.

அவர் தளரவில்லை. திருட்டு வேட்டையாடிய வெள்ளைப் போலீஸாரையும் நியாயஸ்தலத்தின் முன் நிறுத்தினார். சுரங்கக்காரர்களும் மந்தைக்காரர்களும் நிலத்தைக் கேட்டு நெருக்கியபோதெல்லாம் எதிர்த்து நின்றார். ஆரம்பத்தில் சிங்கங்களைச் சுட்டுத் தள்ளியவரே, அவையும் இயற்கையின் ஒழுங்கைச் சேர்ந்தவை எனப் பின்னர் உணர்ந்து அவற்றைக் காக்கலானார். 1926-ல் தேசீய வனச் சட்டம் நிறைவேறிற்று. 1927-ல் யாத்திரிகரை ஏற்றி வந்த மோட்டார்கள் மூன்றே. 1929-ல் அவை சுமார் 850 ஆயின. 1946-ல் ஓய்வு பெற்ற அவர், 1957-ல் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

இவ்வளவும் போற்றத் தக்கதே. ஆயினும் ஸ்குகூஸா என்ற சொல்லுக்குப் பெருக்கித் தள்ளுபவன் என்பது பொருள். பதவியேற்ற சிறிது காலத்துக்குள்ளேயே, வனத்தில் குடியிருந்த சுதேசிகளை அவர் வெளியேற்றினார். அதனால் வந்த பெயர் அது. தலைமுறை தலைமுறையாக அம்மிருகங்களோடு வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் அந்நியரானார்கள். பசிக்கு ஒரு மான் பிடித்தவனும் சட்டத்தின் கண்ணில் திருடனானான். காட்டை அழித்தது பெரும்பாலும் வெள்ளையரின் துப்பாக்கி, தண்டனையோ கறுப்பருக்கு!

அவர் மறைந்த பின்னும் அந்த வழக்கம் மறையவில்லை. 1969-ல் நிறவெறி சர்க்கார், வனத்தின் வடகோடியில் வாழ்ந்த மக்குலேகே மக்களைப் பலாத்காரமாகப் பெயர்த்தெறிந்து, அவர்களுடைய பூமியையும் வனத்தோடு சேர்த்துக்கொண்டது. தேசம் விடுதலை பெற்ற பின், 1998-ல் அந்நிலம் அவர்களுக்கே மீண்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? மிருகங்களை விரட்டிவிட்டு அங்கே குடியேறவில்லை. நிலத்தின் உரிமையைத் தாம் வைத்துக்கொண்டு, வனம் வனமாகவே இருக்க இசைந்தார்கள். யாத்திரிகரால் வரும் வருமானத்தில் பங்கு பெறுகிறார்கள்.

சுதேசியை அகற்றினாலன்றி மிருகம் பிழைக்காது என்ற அதிகாரவர்க்கத்தின் வாதம் இதனால் பொய்த்தது. ஸ்டீவன்ஸன்-ஹாமில்டனின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவரின்றி அவ்வனம் இன்றிராது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சரித்திரம் எழுதுவோர் மறக்கலாகாது. ஸ்குகூஸா முகாமில் ஓரிரவு தங்கும் யாத்திரிகர் அப்பெயரின் பொருளையும் கேட்டறிந்து வருவாராக.