விண்ணின் கூரையை அளந்தவர்: சேர் எட்வேட் அப்பிள்டன்

வானொலிப் பெட்டியைத் திருப்பியதும் கடல்கடந்த குரல் காதில் விழுவதை இன்று எவரும் அதிசயமாகக் கொள்வதில்லை. ஆயினும் அக்குரல் எவ்வழியாக வந்தது என்னும் வினா அறிஞரை நெடுங்காலம் மயக்கிற்று. 1901 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து அனுப்பப்பட்ட சமிக்ஞையை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் நியூபவுண்லாந்திற் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். ஒளியைப் போன்று நேர்கோட்டிற் செல்லும் அலை, உருண்டையான பூமியின் வளைவைக் கடந்தது எங்ஙனம்? மறு ஆண்டிலே அமெரிக்காவில் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும், வானின் உயரத்தே மின்னைக் கடத்தும் படை ஒன்று இருந்து அலையைக் கீழ்நோக்கித் திருப்புதல் கூடும் எனத் தனித்தனியே கருதினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது கருதுகோளாகவே நின்றது. அதனை அளந்து மெய்ப்பித்தவரின் வாழ்க்கையை இவ்விழா மலரில் எம் மாணவர் முன் வைக்க விழைகின்றோம்.

எட்வேட் அப்பிள்டன் 1892 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆம் நாள் யோர்க்சயரிலுள்ள பிராட்போட் நகரிற் பிறந்தார். தந்தையார் பண்டகசாலையொன்றில் வேலை செய்தவர். செல்வம் இல்லாத அவ்வீட்டுப் பிள்ளை புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் சென் ஜோன்ஸ் கல்லூரியை அடைந்து, இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அடுத்து வந்த முதலாம் உலகப் போர் அவரைப் படைக்கு அழைத்தது. பொறியியற் படைப் பிரிவில் சமிக்ஞைப் பணியில் இருந்தபோதே வானொலி வால்வுகளிலும் அலைகளின் போக்கிலும் அவர் மனம் பற்றியது.

போர் முடிந்து கேம்பிரிட்ஜ் திரும்பியவர், ரதபோட் தலைமை தாங்கிய கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இலண்டன் ஒலிபரப்பு பகலில் நிலையாகக் கேட்பதையும், இரவில் ஒருகணம் ஓங்கி மறுகணம் தேய்வதையும் அங்கு அவதானித்தார். கேட்போருக்கு அது தொல்லை. அப்பிள்டனுக்கோ அது ஒரு தடயம். நிலத்தை ஒட்டி ஓரலை வருகின்றது. மேலே சென்று தெறித்து இன்னோரலை வருகின்றது. இரண்டின் முடிகளும் ஒன்றுசேரும்போது ஒலி ஓங்கும். ஒன்றன் முடி மற்றதன் தாழியிற் பொருந்தும்போது ஒலி தேயும். இவ்வாறு அவர் எண்ணினார்.

எண்ணியதோடு அமையாது அதனைச் சோதிக்கவும் துணிந்தார். 1924 ஆம் ஆண்டு டிசெம்பர் 11 ஆம் நாள், நியூசிலாந்திலிருந்து வந்த மாணவர் மைல்ஸ் பார்னெற் துணையாக, பி.பி.சி.யின் போர்ண்மத் நிலையத்திலிருந்து அலை அனுப்பப்பட்டு, ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஒக்ஸ்போட்டில் ஏற்கப்பட்டது. நாளாந்த நிகழ்ச்சிகள் முடிந்தபின், அனுப்பும் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றினர். அலைநீளம் மாற மாற ஒலி ஒழுங்காக ஓங்கியும் தேய்ந்தும் வந்தது. அவ்வேற்ற இறக்கங்களை எண்ணி இரு பாதைகளின் வேறுபாட்டைக் கணித்தனர். கேத்திர கணிதத்தால் தெறிக்கும் படையின் உயரம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் எனக் கண்டனர். கருதுகோள் அன்றிரவு அளவீடாயிற்று.

அவ்வாண்டே இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பேராசிரியரான அவருக்கு அப்போது வயது 32. 1926-27 ஆம் ஆண்டு மாரிகாலத்தில், விடியலுக்கு முன் கீழ்ப்படை தளர்ந்திருக்கும் வேளையில், அலைகள் அதனை ஊடுருவிச் சென்று இன்னும் உயரத்தே தெறிப்பதைக் கண்டறிந்தார். 230 கிலோமீற்றர் அளவில் இருந்த அம்மேற்படை அப்பிள்டன் படை எனப் பெயர் பெற்றது. சிற்றலைகளை நெடுந்தூரம் கொண்டு செல்வது இதுவே. 1950 களில் இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பை இந்தியாவெங்கும் கேட்க முடிந்தது இதன் பயனாலேயே.

அயனமண்டலத்தின் இலத்திரன்களும் பூமியின் காந்தப்புலமும் அலையை எவ்வாறு மாற்றும் என்பதைக் கூறும் சமன்பாடு அவர் பெயராலும் ஹாட்றியின் பெயராலும் வழங்குகின்றது. அலை செல்லும் வழியைக் கணக்கிட்டு முன்கூட்டியே அறிய அது உதவிற்று.

எம் நாட்டிற்கு மேலுள்ள வானும் அவர் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. காந்த நடுக்கோடு இலங்கைக்கும் இந்தியாவின் தென்முனைக்கும் அண்மையிற் செல்கின்றது. சூரியன் உச்சியில் நிற்கும் இங்கே இலத்திரன்கள் மிகுந்திருக்குமென எவரும் எதிர்பார்ப்பர். பல நிலையங்களின் அளவீடுகளை ஒப்பிட்ட அப்பிள்டன், நடுக்கோட்டில் அவை குறைந்தும், வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 15 பாகை அளவில் மிகுந்தும் இருப்பதை 1946 இல் எடுத்துக்காட்டினார்.

1939 முதல் 1949 வரை பிரித்தானிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களத்தின் செயலாளராகப் போர்க்காலப் பாரத்தைச் சுமந்தார். 1941 இல் சேர் பட்டமும் 1947 இல் பௌதிகத்துக்கான நொபெல் பரிசும் பெற்றார். 1949 இல் எடின்பரோ சர்வகலாசாலையின் அதிபரானவர், 1965 ஆம் ஆண்டு ஏப்பிரில் 21 ஆம் நாள் மறையும்வரை அப்பதவியை வகித்தார்.

கைத்தொலைபேசிக்கு நிலையம் அமைக்கும் இன்றைய பொறியியலாளரும், கட்டடங்களிலும் குன்றுகளிலும் தெறித்துப் பல வழியாக வந்து கூடும் அலைகளையே கணக்கிடுகின்றனர். பாதைகள் பெருகின, கணக்கும் பெருகிற்று, அடிப்படை மாறவில்லை.

எம் கல்லூரி ஆய்வுகூடத்தில் கருவியின் முள் ஓரிடத்தில் நில்லாது ஆடுங்கால், சலித்து அதனை ஒதுக்கிவிடும் மாணவர் பலர். அவ்வாட்டத்திற்குக் காரணம் யாது எனக் கேட்பவர் சிலரே. பண்டகசாலைத் தொழிலாளியின் மைந்தர் அச்சிலருள் ஒருவராக நின்றமையாலேயே விண்ணின் கூரையை அளக்க வல்லவரானார். எம் மாணவரும் அச்சிலருட் சேர்வாராக.