கோட்டா ராமசுவாமி

கோட்டா ராமசுவாமி (பிறப்பு: ஜூன் 16, 1896, சென்னை) இந்தியத் துடுப்பாட்ட வீரரும் டென்னிஸ் வீரரும் ஆவார். தேர்வுத் துடுப்பாட்டம், டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆகிய இரண்டிலும் தம் நாட்டிற்காக ஆடிய மிகச் சிலருள் இவரும் ஒருவர். 1985 அக்டோபரில் காணாமற்போன இவரது இறந்த நாள் அறியப்படவில்லை.

குடும்பம்

சென்னைத் துடுப்பாட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் புச்சி பாபு நாயுடுவின் இளைய மகன் இவர். தாய்வழிப் பாட்டனாருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டமையால் கோட்டா என்னும் குடும்பப் பெயர் இவருக்கு அமைந்தது. தந்தை 1908 இல் மறைந்தபோது இவருக்கு ஏறத்தாழ 12 வயது. இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதிய சென்னை மாகாண ஆட்டத்தைத் தொடங்க முயன்ற புச்சி பாபு அதைக் காணாமலேயே இறந்தார். பின்னாளில் அவ்வாட்டங்களில் மகன் இந்தியர் அணிக்காக ஆடினார்.

டென்னிஸ்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்குப் பெயர் தேடித் தந்தது துடுப்பாட்டமன்று, டென்னிஸே. 1922 இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். தாயகம் திரும்பியதும் சென்னை மாகாண வேளாண்மைத் துறையில் பணிபுரிந்துகொண்டே இரு விளையாட்டுகளையும் தொடர்ந்தார்.

நாற்பது வயதில் தேர்வு ஆட்டம்

இடக்கை மட்டையாளரான ராமசுவாமி, பிறர் ஓய்வு பெறும் வயதில் தேர்வுத் துடுப்பாட்டத்தில் அடியெடுத்து வைத்தார். 1936 இல் விஜயநகரம் இளவரசர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி உட்பூசலால் சீர்குலைந்திருந்தது. லாலா அமர்நாத் பாதியிலேயே தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். மான்செஸ்டரில் ஜூலை 25 அன்று தொடங்கிய இரண்டாம் தேர்வில் ராமசுவாமி அறிமுகமானார். முதல் இன்னிங்சில் இந்தியா 203 ஓட்டங்களே பெற, அதில் இவரது பங்கு 40. இங்கிலாந்து 571 ஓட்டங்களைக் குவித்த பின்னர், இரண்டாம் இன்னிங்சில் விஜய் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் சதமடித்தனர். ராமசுவாமி 60 எடுத்தார். தோல்வியைத் தவிர்ப்பதே அரிதெனத் தோன்றிய ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஓவல் மைதானத்தில் 29, ஆட்டமிழக்காமல் 41. அத்துடன் இவரது தேர்வு வாழ்க்கை முடிவுற்றது: 2 ஆட்டங்கள், 170 ஓட்டங்கள், சராசரி 56.66. ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜிக்கு அடுத்தபடியாக மிக மூத்த வயதில் அறிமுகமான இந்தியர் இவரே. இதே அணியில் சென்றிருந்த மற்றொரு சென்னை வீரரான எம். ஜே. கோபாலனும் வளைதடிப் பந்தாட்டம், துடுப்பாட்டம் இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

தேசியத் தேர்வுக் குழுவில் பணியாற்றினார். 1953 இல் மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணம் செய்த இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். அத்தொடரில் எதிரணியின் குச்சக் காப்பாளராக அறிமுகமான ரால்ப் லெகாலும் பின்னர் டேவிஸ் கோப்பையில் ஆடியவர். ராமசுவாமியின் தன்வரலாறு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்துள்ளது.

காணாமற்போதல்

1985 அக்டோபர் 15 அன்று, தமது 89ஆம் வயதில், சென்னை அடையாறில் உள்ள தம் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்ற ராமசுவாமி திரும்பி வரவேயில்லை. இவரது உடலும் கிடைக்கவில்லை. துடுப்பாட்ட ஆண்டு நூலான விஸ்டன் இவர் இறந்துவிட்டதாகக் கருதிப் பின்னர் இரங்கற் குறிப்பை வெளியிட்டது. துடுப்பாட்டப் பதிவேடுகளில் இவரது இறப்புத் தேதியும் இடமும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.